முப்பத்தொன்றாவது கட்டம்

நெப்ராஸ்காவில் ஜூலை.
மெழுகு பூசிய தரை இன்னும் காயவில்லை.
பள்ளியில் நானும் மாரிட்டும்தான்.

எடுக்காத படங்களுக்குச்
சாம்பல் கட்டங்கள் வரைந்துகொண்டிருக்கிறோம்.
இங்கே சிரிப்பார்கள்.
இங்கே ஃபுட்பால்; வென்றோமா தோற்றோமா
என்பதற்கு ஒரு வரி காலி.

பன்னிரண்டாம் வகுப்பில் முப்பத்தொரு பேர்.
வரிசைக்கு ஆறு வைத்தால்
பக்கத்தின் அடியில் ஒரு கட்டம்
தனியே நிற்கிறது.
அகரவரிசைப்படி அது ட்ரூடி ஜெலனி.

நேற்று அவள் வீட்டு வாசலில்
வாடகை லாரி நின்றது. இருவருமே பார்த்தோம்.
மெத்தை ஏற்றினார்கள்,
மீன்தொட்டி ஏற்றினார்கள்.
முப்பது என்றால் பக்கம் கச்சிதம்.
சொல்லவில்லை நான்.

மாரிட் மவுஸைப் பிடித்தாள்.
அழிக்கப்போகிறாள் என்றிருந்தேன்;
கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாள்.

சன்னலுக்கு வெளியே
சோளத்துக்கு நீர் தெளிக்கும் நீளக் குழாய்
வட்டத்தில் பாதிதான் வந்திருந்தது.