மரம் எண் 412

அக்டோபரில் என்னிடம் கொடுத்தார்கள்
ஒரு டேப்லெட்,
எனக்குப் பெரிதான மஞ்சள் மேல்சட்டை,
ஹாமில்டன் நகரின் கிழக்குப் பாதி.
மரங்களை எண்ண வேண்டும்.
எண்ணுவது எளிது,
பெயர் சொல்வதுதான்.

எனக்கு முன் வந்தவர்
தெரு முழுக்க ‘குதிரைக் கஷ்கொட்டை’ என்று
நூற்றுப் பதினேழு தடவை எழுதிப் போயிருந்தார்.
மழை நாளாக இருந்திருக்கலாம்.

முதலில் இலை.
ஒரே காம்பின் நுனியில் விரல் விரித்தபடி ஏழு.
ஏழிலைப்பாலை என்று வாய்வரை வந்து நின்றது.
அது வேறு குடும்பம்,
பல்லில் ரம்பம் கிடையாது அதற்கு.

ஐந்து விரல்தான் என்றால் கசக்கி முகர வேண்டும்.
முகத்தைத் திருப்ப வைத்தால் ஒஹாயோ மான்கண்.
திருப்பாவிட்டால் காயைத் தேடு,
தோல் மொழுமொழுவென்றிருந்தால்
மஞ்சள் மான்கண்.
ஊமத்தங்காய்போல் குத்தினால்
திரும்பவும் முதலிலிருந்து எண்ணு,
இரண்டு விரலைப் பூச்சி தின்றிருக்கும்.

பையோடு பொறுக்க வந்தவரிடம் சொன்னேன்:
தின்கிற கஷ்கொட்டை இதுவல்ல,
அதன் மேலோடு முள்ளம்பன்றிக் குட்டி,
கொட்டைக்குக் கூரான வால் உண்டு.
இதைத் தின்றால் ஆஸ்பத்திரி.
அவர் பையைக் கவிழ்த்தார்,
பளபளப்பான ஒன்றை மட்டும் விடாமல்.

இலை போனபின் மொட்டு.
பலாப்பழம் அரிந்த கைபோல்
விரல் பிசுபிசுத்தால் கஷ்கொட்டை,
மான்கண் மொட்டு ஒட்டாது.
காம்பு கழன்ற இடத்தில்
ஒரு லாடம், ஆணித் துளைகளோடு.
அதனால்தான் குதிரை என்றான் மார்செல்.
இல்லை, இருமும் குதிரைக்கு இடித்துக் கொடுத்தார்கள்
என்றாள் டார்லீன்.
குதிரையை யாரும் கேட்கவில்லை.

பிறகு 412.
நெஞ்சுயரத்தில் பானைக் கழுத்துபோல் ஒரு வீக்கம்.
அதற்கு மேலே ஐந்து விரல், சுருங்கிய கரும்பச்சை,
பேருக்கு நாலு முள்,
ஒட்டுவதா வேண்டாமா என்று தயங்கும் மொட்டு.
அதற்குக் கீழே, வேரடியிலிருந்து கிளம்பிய கிளைகளில்
ஏழு. பிசின். ஊமத்தை.

கதவு திறந்தது.
“வெட்ட வந்தாயா?”
ஹலினா வோய்சிக். செருப்பில்லாமல், பனிப்புல்லில்.
பக்கத்து வீட்டுக் காரின் மேல் காய் விழுகிறதாம்,
மூன்று புகார் போயிருக்கிறது.
இல்லை, பெயர் எழுத வந்தேன் என்றேன்.
“சிவப்பென்று விற்றார்கள்.
சிவப்பாகத்தான் இருந்தது, அவர் இருந்தவரை.
அடுத்த வருஷம் அடியிலிருந்து இது.
அடிக்கிளையை நறுக்கு என்கிறார்கள்.
மே மாதம் வா.”

போனேன்.
கீழே வெள்ளை, மேலே சிவப்பு,
நடுவில் தேனீக்களின் குழப்பம்.
வெள்ளைப் பூவின் மஞ்சள் பொட்டு
சில நாளில் சிவந்துவிடும்,
மெஸ் வாசலில் ‘சாப்பாடு தீர்ந்தது’ பலகை மாட்டுகிற மாதிரி.
தேனீ படித்துவிட்டு அடுத்த பூவுக்குப் போகிறது.
ஹலினா எனக்கொரு நாற்காலி போட்டாள்,
அவள் நின்றுகொண்டே பார்த்தாள்.

அலுவலகத்தில் படத்தைக் காட்டினேன்.
“உன்னைப் போல, இல்லையா?
ஒரு வேர், இன்னொரு பூ” என்றான் மார்செல், கனிவாக.
இல்லை மார்செல்.
என்னை யாரும் ஒட்டுப் போடவில்லை.
விண்ட்ஸரிலிருந்து பஸ்ஸில் வந்தேன்,
வழியில் வாந்தி எடுத்தேன்.
இது மரம்.

படிவத்தில் இனத்துக்கு ஒரே கட்டம்.
‘ஒட்டு’ என்றால் ஏற்கவில்லை,
‘இரண்டும்’ என்றாலும்.
கடைசியில் அதே புள்ளியில்
இன்னொரு மரத்தை நட்டேன், விரலால்:
412 சிவப்பு,
412-அ வெள்ளை.

திரை சிவந்தது.
இரண்டு மரங்கள் ஒரே இடத்தில் நிற்க முடியாது, என்றது.
கீழே ஒரே ஒரு பொத்தான்,
‘சரி.’
அழுத்தினேன்.
இரண்டும் நின்றன.