முப்பத்தைந்து கிலோவாட்

பதினெட்டு வயதில் சித்தூர் ஆர்டிஓ மைதானத்தில்
கால் ஊன்றாமல் எட்டுப் போட்டவள் நான்.
அந்த எட்டு லிமரிக்கில் செல்லாதாம்.
மஞ்சள் சட்டையில் எல் எழுத்தை ஒட்டிக்கொண்டு
முப்பத்தொன்பது வயதில், மழையில்,
ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

சொல்லித்தந்த டெக்லனுக்கு
என் கிளட்ச் பிடித்திருந்தது,
பிரேக் பிடித்திருந்தது,
கழுத்துதான் பிடிக்கவில்லை.
துருப்பிடித்த கேட் மாதிரி இருக்கிறது என்றான்.
கண்ணாடியில் தெரியாத இடம் ஒன்று உண்டு,
திரும்பும் முன் தோளுக்கு மேல் ஒரு தரம் பார்.
அந்தப் பார்வைக்கு அவர்கள் ஊரில் பெயர்
உயிர்காப்பான்.
நாங்கள் ஆரன் அடிப்போம் என்றேன்.
அவன் சிரித்தான்.
தேர்வாளர் சிரிக்கவில்லை.

ஏழு தரம் பார்க்கவேண்டிய இடத்தில்
நாலு தரம்தான் பார்த்தேனாம்.
இரவெல்லாம் ஐசியூவில்
பன்னிரண்டு திரைகளைப் பார்க்கிறவளிடம்
இதைச் சொன்னார்கள்.

இரண்டாம் தடவை கிடைத்தது.
கூடவே ஒரு நிபந்தனை:
இரண்டு வருஷம்
முப்பத்தைந்து கிலோவாட்டுக்கு மேல் தொடக்கூடாது.
கணக்குப் போட்டால் நாற்பத்தேழு குதிரை.
எங்கள் கிணற்று மோட்டார் ஐந்து குதிரை,
அதற்கே தோப்பு முழுக்க நனையும்.

இப்போது ஒரு மாதம் லீவு, கொழிஞ்சாம்பாறை.
அடுத்த வண்டி எதுவென்று
என்னைத் தவிர எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள்.
"நானூறு சிசிக்குக் கீழ எடுத்தா
வெளிய சொல்லிக்க முடியாதுக்கா" என்கிறான் இன்னாசி.
"மழை ஊர்ல காரே எடுத்தா என்ன?"
வீடியோ காலில் தனிஸ்லாஸ்.
பேக்கரி உம்மருக்கு ஒரே சந்தேகம்:
"மைலேஜ் எத்ர கிட்டும்?"
மகள் மட்டும் வண்டியைக் கேட்கவில்லை,
நிறத்தைச் சொன்னாள். பச்சை.

இன்னாசியின் வண்டியில் வேலந்தாவளம் போனேன்.
லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சமென்று
இந்தப் பக்கத்து வண்டிகள்
அந்தப் பக்கம் போய்க் குடித்துவிட்டு வரும் பாதை.
ஒவ்வொரு திருப்பத்திலும் கழுத்து தானாகத் திரும்பியது.
இளநீர் வெட்டுகிறவர்
நான் பார்த்த திசையை அரிவாளோடு பார்த்தார்.
பஸ்ஸுக்கு நின்ற வரிசை மொத்தமும் பார்த்தது.
ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டே விட்டார்கள்:
"பின்னால ஆராச்சும் வரோணுங்களா?"
செக்போஸ்ட் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார்.
"ஆரு தொரத்தறாங்க?"
யாருமில்லை சார், பழக்கம்.
நம்பாமல் அவரும் ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.
வெயிலும் ரெண்டு எருமையும்தான்.

ஒரே ஒரு தரம், திரும்பி வரும்போது,
பார்த்த இடத்தில் நிஜமாகவே ஒரு டிப்பர் இருந்தது.
ஆரன் அடிக்காமல், அவ்வளவு பக்கத்தில்.
டிரைவரின் வாயில் பாதி கடித்த முறுக்கு.
இதை வீட்டில் சொல்லவில்லை.

சாயங்காலம் தோப்பில்
இன்னாசியின் வண்டியை மெதுவாகப் படுக்க வைத்தேன்.
அவன் போட்ட கூச்சலில் காக்காய்கள் கிளம்பின.
"கிறுக்கா புடிச்சிருக்கு ரெஜினாக்கா?"
பொறுடா.
ஹேண்டிலை முழுக்கத் திருப்பி,
முதுகைச் சீட்டுக்குக் கொடுத்து,
முட்டியை மடித்துப் பின்னால் நடக்கவேண்டும்.
டெக்லன் காட்டுமுன்பே தெரிந்த வித்தைதான்;
நினைவில்லாதவர்களைக் கட்டிலில் புரட்டுவதும் இப்படித்தான்,
இடுப்பால் இல்லை, தொடையால்.
முதல் தரம் வரவில்லை.
இரண்டாம் தரம் செருப்பு வழுக்கியது.
கழற்றிப் போட்டுவிட்டுத் தூக்கினேன்.
நூற்றுத் தொண்ணூற்றைந்து கிலோ
முனகிக்கொண்டு எழுந்து நின்றது.
கண்ணாடியில் ஒட்டியிருந்த மட்டைச் சருகை
இன்னாசி ஊதி எடுத்தான், ஒன்றும் பேசவில்லை.

ராத்திரி அவன் போனில் எட்டு வண்டிகள் காட்டினான்.
குதிரை எத்தனை, விலை எத்தனை,
எந்த வளைவில் எப்படிச் சாயும் என்று.
பெட்ரோல் பில்லின் பின்பக்கத்தில்
நான் எடையை மட்டும் எழுதிக்கொண்டேன்.
இருநூற்றுப் பத்துக்கு மேல் இருந்த ஐந்தை அடித்தேன்.
மூன்று மிஞ்சின.
அவற்றில் எது பச்சையில் வருமென்று
நாளைக்கு விசாரிக்கவேண்டும்.