டெஸ்ட் கார்டு

சத்துவாச்சாரி ஃபேஸ் டூவில் முதல் கம்ப்ளெயின்ட்.
நைட் டூட்டி முடிந்துவந்த சுகிர்தா சிஸ்டர்
யூனிஃபார்ம் மாற்றாமலே கதவைத் திறந்தார்.
புது டிவி. அதன் முதுகில் நீளமாய் ஒரு வாய்.
அதில் செருகுவதற்கென்று
ஷூ கண்காட்சிக்காக ஜெர்மனி போன ஆம்பூர்த் தம்பி
வாங்கிவந்த மாட்யூல், தீப்பெட்டி கனம்.
"பெட்டியே வேணாமாம். கார்டு மட்டும் போதுமாம்."

கார்டு இருந்தது. மாட்யூலுக்குள் போனது.
தங்கச் சில்லை அழிரப்பரால் தேய்த்தேன்,
சட்டையில் துடைத்தேன், ஊதினேன்
(பதினாலு வருஷ அனுபவம் என்பது
பெரும்பாலும் ஊதுவதுதான்).
நீலத் திரையில் அதே வரி:
இந்த அட்டை இந்தக் கருவிக்கு உரியதல்ல.
மாட்யூல் மட்டும் சூடேறிக்கொண்டிருந்தது.
சிஸ்டர் தொட்டுப் பார்த்து
"நூத்திரெண்டு இருக்கும்" என்றார்.

எந்தப் பெட்டியோடு வந்த கார்டு இது?
ஃபேன் ரெகுலேட்டரைத் திருகினார்.
"பெட்டி அவர்கிட்ட."

ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்று
கார்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

தோட்டப்பாளையம். மாடி ரூம், தகரக் கூரை, மத்தியானம் இரண்டு.
நான் வருவேன் என்று
பெட்டியின் தூசியைத் துடைத்து வைத்திருந்தார்
தேவஇரக்கம் சார்.
புதுக் கார்டு மூன்று வாங்கிவிட்டாராம்.
அதே கம்பெனி, அதே தங்கச் சில்.
"ஒண்ணுகூட ஏறலப்பா."

ஏறாது.
பெட்டியின் எண்ணும் கார்டின் எண்ணும்
கண்ட்ரோல் ரூமில் ஒரே வரியில் எழுதியிருக்கும்.
அதை அழிக்க வக்கீல் வேண்டாம், இரண்டு கையெழுத்து வேண்டாம்,
ஒரு போன் போதும்.
இரண்டு பேருமே பண்ணவில்லை.

நான் செய்தது தப்புதான்.
பாக்கெட்டிலிருந்து எடுத்துச் செருகினேன்.

பச்சை விளக்கு. ஒரு மூச்சு இழுப்பது மாதிரி சத்தம்.
படம் வந்துவிட்டது,
வால்யூம் பதினொன்றில்:
பகலில் ஒருவர் தூங்கும் வீட்டின் வால்யூம்.
மூலையில் சின்னதாய் ஒரு கட்டம்:
தவறிய நினைவூட்டல்கள் 214. இரவு 8.30.
சரி. நீக்கு.

சார் ரிமோட்டைக் கையில் எடுத்தார்.
சத்தத்தைக் கூட்டவில்லை. கட்டத்தையும் நீக்கவில்லை.
"யார் கார்டுப்பா இது?"
டெஸ்ட் கார்டு சார். திருப்பிக் கொடுக்கணும்.
"குடுத்துடு. விளம்பரம் முடியட்டும்."

விளம்பரம் முடிந்தது.
யாரோ வெங்காயம் வதக்கினார்கள்.
இன்னொரு விளம்பரமும் முடிந்தது.
கொணவட்டத்திலிருந்து மூன்றாவது முறை போன் அடித்தது,
நான் எடுக்கவில்லை.