பாதையிலிருந்து பேசுகிறோம்

சனி காலை ஒன்பது ஐந்து.
விருந்தினர் கதிரையில் ஆளில்லை.
தேநீரைத் தட்டால் மூடி வைத்திருக்கிறேன்.
கண்ணாடிக்கு அப்பால் ஜெகசோதி
கடிகாரத்தையும் என்னையும்
மாறி மாறிப் பார்க்கிறார்.
இன்றைய தலைப்பு ‘நம்மூர்க் களரி’.
பேச வேண்டியவள்
மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் நடுவே
வாவியில் நிற்கிறாள்.

தண்ணீரைக் கடக்கிற தட்டைப் படகுக்கு
எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர்.
வெளியூர்க்காரர் சிரிப்பார்கள்:
பாதை வரவில்லை என்போம்,
பாதை அக்கரையில் கிடக்கிறது என்போம்.
இன்று பாதையின் விசிறியில்
ஆற்றுவாழை சிக்கிவிட்டது.

“ஃபோனிலயே எடுங்க” என்றார் ஜெகசோதி.

முதலில் வந்தது காற்று.
மறுகா ஒரு ஆட்டுக்குட்டி.
மறுகாதான் வினோதரஞ்சினி,
அரிசி ஆலையில் கணக்கெழுதுகிறவள்,
வருகிற வைகாசியில் வீமன்.

“பதினொரு பேர் ஆடுறம், எல்லாரும் பொம்புளையள்.
மத்தளம் மட்டும் என்ட மச்சான்.
அவரையும் மாத்தப் பாக்கிறம்.”

முதல் விளக்கு எரிந்தது. வெல்லாவெளியிலிருந்து ஒருவர்:
“வீமனுக்குக் குரல் வேணும் தங்கச்சி.
தொண்டை கிழியக் கத்துறது குரலில்ல.”

“படிச்சுக் காட்டட்டா?”

அவர் பதில் சொல்லுமுன்
மத்தளமில்லாமல், சல்லரியில்லாமல்,
இரும்புத் தளத்தைக் காலால் உதைத்து உதைத்து
ஒரு தரு.
மானியின் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது.
பயிற்சியில் சொல்லித் தந்தபடி
நான் ஒலியை இறக்கியிருக்க வேண்டும்.
விரல் அங்கேதான் இருந்தது.

முடிந்த பிறகு வெல்லாவெளி
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
“ரெண்டாம் அடியில மூச்சு விட்டிட்டாய்.”
“ஓம். விட்டிட்டன்.”

அதற்குள் யாரோ ஃபோனைப் பறித்துவிட்டார்கள்.
மருதமுனை நியாஸ்தீனாம், சாரன் வியாபாரம்.
“தங்கச்சிட கரப்புடுப்புக்கு எத்தனை முழம் வேணும்?
பதினொரு பேருக்கும் நம்மட தறித்துணி தாறன்.
விலையப் பொறகு பேசுவம்.”

பிறகு என்ன பிறகு, அங்கேயே பேசினார்கள்.
ஆட்டுக்காரி பேசினாள்,
பள்ளிக்கூடம் பிந்திய இரண்டு ரியூசன் மாஸ்டர்மார் பேசினார்கள்,
“வீமன் பச்சை உடுத்தால் நான் பார்க்க வரமாட்டன்” என்று
கயிறு பிடிக்கிற பொடியன் பேசினான்.
எங்கள் நிகழ்ச்சிக்குக் காசு தருவது
திருமலை வீதிப் புடவைக்கடை.
ஜெகசோதி கையால் தன் கழுத்தை அறுத்துக் காட்டினார், இரண்டு தரம்.
நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

முழம் ஒன்றுக்கு முப்பது ரூபாய் குறைந்த நேரம்,
“முதல்ல ஆற்றுவாழைய வெட்டுங்கடா” என்று
யாரோ கத்த,
யாரோ குனிய,
தொப்பென்று ஒரு சத்தம்.
பிறகு பாதை முழுக்கச் சிரிப்பு.
அன்றைய பதிவேட்டில் இப்படி எழுதினேன்:
9.31. ஒருவர் வாவிக்குள். சுகம்.

இயந்திரம் இருமிப் பிடித்துக்கொண்டது.
அந்த இரைச்சலோடு இணைப்பு அறுந்தது.
ஏழு விநாடி ஒன்றுமில்லை.
ஒலிபரப்பில் ஏழு விநாடி என்றால்
ஒரு ஆளின் வேலை போகப் போதும்.
ஜெகசோதி மரண அறிவித்தல்களை எடுத்தார்.
களுவாஞ்சிகுடி, செட்டிபாளையம், ஓந்தாச்சிமடம்;
சிரிப்பை விழுங்கிய குரலில்
மெல்ல மெல்ல வாசித்தார்.

மூன்றாம் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.
வெளியே விடாமல் நானே எடுத்தேன்.

“தங்கச்சி, பாதை வெளிக்கிட்டுதா?
குருமண்வெளியில எட்டு மணியிலிருந்து நிக்கிறன்,
மீன்பெட்டியில ஐஸ் கரையுது.”

வெளிக்கிட்டுவிட்டது என்றேன்.

“உங்களுக்குத் தெரியுதா?”

“இஞ்ச யன்னல் இல்ல அண்ணன்.”

“அப்பிடியா. சரி, கண்ணுக்குத் தெரிஞ்சா
நான் எடுத்துச் சொல்லுறன்” என்று வைத்தார்.

தேநீரை நானே குடித்தேன், ஆடையோடு.