குடைக் கம்பி

யுத்தம் முடிந்து பதினாலு மாதம்.
கொழும்பிலிருந்து கூட்ஸ் வண்டியில் வந்து சேர்ந்தன
நாற்பத்தெட்டு டசின் குடைக் கம்பி.
துணி இல்லை.

கம்பி இரும்புச் சாமான்; அதற்கு ஒரு பெர்மிற்.
துணி புடைவைக் கட்டுப்பாட்டில்:
வேறு கந்தோர், வேறு துரை, வேறு கப்பல்.
பிடி எந்தக் கந்தோருக்கென்று
இன்னும் தீர்மானமாகவில்லை.

நாகமணி முதலாளி என்னைக் கச்சேரிக்கு அனுப்பினார்,
மூன்று தரம்.
மூன்றாம் தரம் கிளாக்கர் ஐயா
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
"கம்பி வந்ததே பெரிய காரியம்" என்றார்.

பாசையூர்ப் பிலோமினா இரண்டு வாங்கினாள்,
தலைகீழாய்க் கட்டிக் கருவாடு காயவிட.
பிறகு, பாகற்கொடி படர என்று ஒருவர்.
கட்டுப்பாட்டு விலை குடைக்குத்தான்,
கம்பிக்கு இல்லை.
முதலாளி வாயில் வந்ததைச் சொன்னார்.
அவர்களும் தந்தார்கள்.

கார்த்திகை. பெரியகடைத் தெருவில் முழங்கால் வெள்ளம்.
சாக்கைத் தலையில் கவிழ்த்து வந்தவர்கள்
எங்கள் தாழ்வாரத்தில் ஒதுங்கி
அண்ணாந்து பார்த்தார்கள்:
வளை முழுக்க
ஐந்நூற்றுச் சொச்சம் எலும்பு.

யாரும் சிரிக்கவில்லை.
உப்புக் காற்றில் துரு ஏறிய ஒன்றை
நான் எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.
எண்ணெய்க்கும் கூப்பன்தான்.

நனைந்து நின்ற ஒருவன்
விலை கேட்டான்.