நிகழ்காலம்

அந்த மேற்கோளை எழுதியது நான்தான்.
பேருந்து நிறுவனத்து லிண்ட்குவிஸ்ட் சொன்னதாகப் போட்டோம்.
அவர் தலையை மட்டும் அசைத்தார்,
அதுவும் காணொலி உறைந்த நேரத்தில்.

'எங்கள் பேருந்துகளுக்கு இந்த சென்சார்
மிகவும் பொருந்துகிறது.'

வழக்கறிஞர் மூன்று நாள் வைத்திருந்து
ஒரு 'விரைவில்' மட்டும் எடுத்துவிட்டார்.
இருந்தால் தேதி கேட்பார்களாம்.

எங்கள் ஃபின்னிஷ் மொழியில்
எதிர்காலத்துக்கென்று தனி வினை கிடையாது.
பனி பெய்கிறது என்றால்
இன்றாகவும் இருக்கலாம், வியாழனாகவும் இருக்கலாம்.
யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை;
கையுறையை எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒன்பது மணிக்கு வெளியிட்டோம்.
பதினொன்றுக்குள் பங்கு பதினெட்டு சதவீதம் ஏறியிருந்தது.

மாலையில் ஒரு தொலைபேசி.
கெமியிலிருந்து ஹில்க்கா ராவ்டியோ,
பல் மருத்துவமனை உதவியாளர்,
படகு விற்ற பணத்தில் நானூறு பங்கு வாங்கியவர்.

'பொருந்துகிறது என்றால், மாட்டியாயிற்றா?
இல்லை, அளவு சரியாக இருக்கிறதா?
எனக்குக்கூட ஒரு கோட்டு பொருந்துகிறது.
கடையில்தான் தொங்குகிறது.'

நல்ல கேள்வி என்றேன்.
அப்படிச் சொல்லவும் எங்களுக்குப் பயிற்சி உண்டு.

அவர் போனை வைக்கவில்லை.
பின்னால் கெட்டில் கூவி அடங்கியது.
'ஒரு பேருந்திலாவது?'

ஓவுலு அலுவலகச் சன்னலுக்குக் கீழே
ஒரு பேருந்து நின்றது, கதவு திறந்தது, போனது.
அதன் நெற்றியில்
ஓட்டுநர் கையால் துடைத்த வட்டம் தவிர
வேறொன்றும் இல்லை.

பேச்சு நடக்கிறது என்றேன்,
நிகழ்காலத்தில்.