மலையிலிருந்து தெரியுமா

பலகையில் ஏழு விதிகள்.
ஐந்தாவது:
நைட்டி, சேலை, பருத்தித் துணிக்கு அனுமதி இல்லை.
நூல் போய் ஃபில்டரை அடைக்கிறதாம்.
முதல் நாள் நைட்டியோடு இறங்கியவள் நான்தான்.
காற்றுப் புகுந்து முதுகில் பந்தாக எழும்பி
நான் ஒரு பக்கம் போக அது ஒரு பக்கம் இழுத்தது.
விசிலை வாயிலிருந்து எடுக்காமலே
சிரித்தாள் கோச் நாகவேணி.
சிரிப்பு விசிலாக வந்தது.

பலகையில் இல்லாத விதிகள்
உடை மாற்றும் அறையில் இருந்தன.
கதவில்லை. நான்கு கொக்கி. ஒரு குழாய்.
உலர்ந்த பாவாடையைத் தலைவழியே போட்டு
விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு
உள்ளுக்குள்ளேயே ஈரத்தை உருவக் கற்றோம்.
அப்படியே பேசவும் கற்றோம்.
ம், ம்ஹூம்.
பால் விலைக்கும் பிள்ளைகளின் மார்க்குக்கும்
அது போதுமாயிருந்தது.
யாருக்காவது பாவாடை நழுவினால்
எல்லோரும் சுவரிலிருந்த ஒரே பல்லியைப் பார்த்தோம்.
அதற்குத்தான் கூச்சமாக இருந்திருக்கும்.

ஷம்ஷாத்துக்கு
மணிக்கட்டிலிருந்து கணுக்கால் வரை கறுப்பு நைலான்.
மேனேஜர் ஐந்தாம் விதியை இரண்டு தடவை படித்துவிட்டுப்
பேசாமல் போனார்.
முழங்கால் தெரிகிற என்னைத்தான்
மேலும் கீழும் பார்த்தார் புனிதவல்லி டீச்சர்.
எந்தக் கடை என்று கேட்டு
அதையே வாங்கிப் போட்ட பிறகு
பார்ப்பதை விட்டார்.

அப்புறம் மாதம்மாள் வந்தாள்.
ஓசூர் கம்பெனி, ஹாஸ்டலில் ஆறு வருஷம்,
ஒரு குளியலறைக்கு இருபத்திரண்டு பேர்.
இதெல்லாம் பின்னால் சொன்னது.
அன்று எதுவும் சொல்லவில்லை.
நனைந்ததைக் கழற்றிக் கொக்கியில் மாட்டி
ஒன்றுமில்லாமல் குழாயடிக்கு நடந்தாள்,
அடுப்பில் பால் வைத்தவள் போல.

பல்லி போதவில்லை எங்களுக்கு.
ஒருத்தி சீப்பை எண்ணினாள்.
ஒருத்திக்கு இருமல்.
"இதெல்லாம் நல்லாவா..." என்று தொடங்கிய டீச்சர்
முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டுமே,
முகத்தோடு மற்றதும் தெரியுமே என்று
மீதியைச் செருப்பிடம் சொன்னார்.
"யார்கிட்டயாவது சோப்பு இருக்கா?"
தண்ணீருக்குள்ளிருந்து கேட்டாள் மாதம்மாள்.
ஷம்ஷாத்தான் நீட்டினாள்.
கறுப்புக் கை, பாதி தேய்ந்த சந்தன சோப்பு.

மறுவாரம் பேச்சு மலைக்குத் தாவியது.
சையத் பாஷா மலைமேல் நின்றால் குளம் தெரியுமாம்.
பையன்கள் ஏறுகிறார்களாம்.
செல்லில் பெரிதாக்கினால்...
அதற்குமேல் யாரும் சொல்லவில்லை.
இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவரை இழுத்துக்கொண்டு ஏறினேன்.
"இந்த வெயில்ல எதுக்குடி?"
காத்துக்கு என்றேன்.
உச்சியில் காற்றே இல்லை.
அணை ஒரு பக்கம் தகரம் போல் மின்னியது.
பைபாஸில் கிரானைட் லாரிகள்,
மாந்தோப்புகள், தகரக் கூரைகள்,
நடுவில் ஒரு நீலம்.
கட்டைவிரலை நீட்டினேன்.
நகத்துக்குள் மறைந்தது.
அவர் செல்லை வாங்கிப் பெரிதாக்கினேன்.
நீலம் கட்டம் கட்டமாக உடைந்தது.
ஏழெட்டுக் கட்டம் பழுப்பாக அசைந்தது.
ஞாயிறு ஆண்கள் நேரம் என்பது
அப்போதுதான் உறைத்தது.
"என்னடி அப்படிப் பாக்குற?"
"ஒண்ணுமில்ல."
உண்மையாகவே
போட்டிருந்தார்களா இல்லையா என்று தெரியவில்லை.

செவ்வாய், பதினொன்றரை.
பாவாடை பல்லில்.
தெரியாது என்றேன்.
"ம்?" என்றார் டீச்சர்.
மலையிலிருந்து. நகமளவுதான்.
"என்ன சொல்ற, ஒண்ணும் வெளங்கல" என்றாள் ஷம்ஷாத்.
குழாயை நிறுத்திவிட்டு
மாதம்மாளும் திரும்பினாள்.

வாயைத் திறந்து சொன்னேன்.